விவிலியக் கிரேக்கம் கற்கத் தமிழருக்கு எந்தப் பாடநூல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மொழிகளைச் சொந்த முயற்சியில் கற்பவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். புதிய ஏற்பாட்டை அதன் மூலமொழியான கிரேக்கத்திலேயே படிக்க வேண்டும் என்ற ஆவல் இறையியல் மாணவர்களிடம் மட்டுமின்றிச் சாதாரண விசுவாசிகளிடமும் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது முற்றிலும் சரி. ஆனால் எந்தப் பாடநூலில் தொடங்குவது என்ற கேள்விக்கு, அதிகம் விற்கும் நூலை வாங்கினால் போதும் என்று ஒரே வரியில் விடை சொல்லிவிட்டார் கட்டுரையாளர். அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் பாளையங்கோட்டையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஆலய வளாகத்தில் ஒரு சிறு குழுவுக்குக் கிரேக்கம் சொல்லித்தருகிறேன். ஓர் உபதேசியார், ஒரு செவிலியர், வங்கிப் பணியை முடித்த ஒருவர், கல்லூரி மாணவிகள் சிலர் வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பவை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடநூல்கள். நல்ல நூல்கள்தாம். ஆனால் ஆங்கிலம் பேசும் மாணவன் எங்கே இடறுவான் என்று பார்த்துப் பார்த்து எழுதப்பட்டவை. தமிழர் இடறும் இடங்கள் வேறு. பாடநூலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேற்றுமையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ச்சொல்லின் ஈறு மாறினால் வாக்கியத்தில் அதன் வேலையும் மாறும் என்ற செய்தியை ஆங்கில மாணவனுக்குப் புரியவைக்க இந்நூல்கள் பக்கம் பக்கமாக உழைக்கின்றன. நம் பிள்ளைகளோ 'ஐ ஆல் கு இன் அது கண்' என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள். கிரேக்கத்தில் விளியையும் சேர்த்து ஐந்து வேற்றுமைகளே. நம்முடைய மூன்றாம், நான்காம், ஏழாம் வேற்றுமைகள் செய்யும் வேலையை அங்கே ஒரே வேற்றுமை சுமக்கிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினால் வகுப்பு தலையசைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குத் தயாராகிவிடுகிறது.

அடுத்தது ஆங்கில மாணவர்கள் அஞ்சி நடுங்கும் பார்ட்டிசிபிள், அதாவது நம் எச்சங்களைப் போல வினையிலிருந்து பிறக்கும் முற்றுப்பெறாத வடிவம். பல நூல்கள் இதைப் பிற்பகுதிக்குத் தள்ளிவைக்கின்றன. மத்தேயு 28:19-ஐ நம் தமிழ் வேதாகமத்தில் பாருங்கள்: 'ஆகையால், நீங்கள் புறப்பட்டுப்போய்' என்று தொடங்குகிறது. கிரேக்கத்திலும் அந்த இடத்தில் இருப்பது முற்றுவினை அன்று, பார்ட்டிசிபிள்தான். நம் வினையெச்சம் அந்த இடத்தில் அழகாக உட்கார்ந்துகொள்கிறது. யோவான் 3:16-இல் வரும் 'விசுவாசிக்கிறவன்' என்னும் வினையாலணையும் பெயரும் கிரேக்க அமைப்புக்கு அவ்வளவு நெருக்கமானது. 'கழுவினான்', 'கழுவிக்கொண்டான்' என்ற வேறுபாட்டை அறிந்தவருக்கு, செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் நடுவில் கிரேக்கம் வைத்திருக்கும் மூன்றாவது வினைவடிவமும் அந்நியமாகத் தோன்றாது. எங்கள் உபதேசியார் ஆங்கில விளக்கத்தோடு நெடுநேரம் போராடிவிட்டு, 'கொள்' என்ற துணைவினையை நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்படியானால் நாம் இடறுவது எங்கே? முதலில் ஆர்ட்டிகிள், அதாவது ஆங்கில 'the' போலப் பெயரோடு வரும் சிறு சொல். தமிழில் அது இல்லவே இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலோ ஏறக்குறைய ஏழு சொற்களுக்கு ஒன்று ஆர்ட்டிகிள். பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப அது உருமாறும். நம் மாணவர் வாசிக்கும்போது அதன் மேல் கண் படாமலே தாண்டிப்போய்விடுகிறார். அடுத்தது பால். நமக்குப் பால் என்பது பொருளைப் பொறுத்தது. கிரேக்கத்தில் 'வார்த்தை' ஆண்பால், 'பாவம்' பெண்பால், 'ஆவி' இரண்டும் அற்ற பால். 'நல்ல' என்ற நம் பெயரடை எந்தப் பெயரின் முன்னும் மாறாமல் நிற்கும். அங்கே அது தான் தழுவும் பெயரோடு சேர்ந்து மாறியாக வேண்டும். பிறகு, ஒரு பெயரைத் தொடர்ந்து வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போகும் ரிலேட்டிவ் புரோனவுன், ஆங்கில 'who', 'which' போன்றது. நமக்கு அந்த வேலையைப் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நின்று செய்துவிடுகிறது. எபேசியர் 1:3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். அங்கே வந்ததும் என் மாணவிகள் எழுவாயைத் தேடித் தவித்ததைக் கண்டிருக்கிறேன்.

இனி நூல்களுக்கு வருகிறேன். அதிகம் விற்கும் நூல் என்று கட்டுரையாளர் குறிப்பிட்டது வில்லியம் மவுன்ஸ் எழுதி 1993-இல் முதலில் வெளிவந்த நூலாகவே இருக்கும். அதன் நான்காம் பதிப்பு 2019-இல் வந்தது. மொத்தம் 36 அத்தியாயங்கள். பெயர்ச்சொற்களை எல்லாம் முதலில் முடித்துவிட்டுப் பதினைந்தாம் அத்தியாயத்தில்தான் வினைக்குள் நுழைகிறது. பார்ட்டிசிபிள் 26-ஆம் அத்தியாயத்தில். ஆசிரியர் இல்லாமல் தனியே படிப்பவருக்கு அதைவிட அன்பான துணை கிடைப்பது அரிது. தனியாக வரும் பயிற்சி நூலில் மெய்யான வேத வசனங்களே பயிற்சியாக வருகின்றன. புதிய ஏற்பாட்டில் ஐம்பது முறைக்கு மேல் வரும் முந்நூற்றுச் சொச்சம் சொற்களைக் கற்றால், திரும்பத் திரும்ப வருவதையும் சேர்த்து எண்ணிய அதன் மொத்தச் சொற்களில் எண்பது விழுக்காட்டைத் தெரிந்துகொள்ளலாம் என்ற கணக்கில் சொற்பட்டியல் அமைந்திருக்கிறது. தனியே படிக்கப்போகிறவர் இதையே வாங்கட்டும். வேற்றுமை விளக்கங்களை வேகமாகக் கடந்து, ஆர்ட்டிகிள் அட்டவணையில் மட்டும் நிதானமாகத் தங்கட்டும்.

ஆனால் இருவர் மூவர் சேர்ந்து படிப்பதாக இருந்தால், வழிகாட்ட ஒருவரும் இருந்தால், என் தேர்வு ஜே. கிரஷாம் மேச்சன் 1923-இல் வெளியிட்ட சிறு நூல். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர் அவர். 33 பாடங்கள். மூன்றாவது பாடத்திலேயே வினை வந்துவிடுகிறது, பார்ட்டிசிபிள் 18-இல். வேற்றுமையிலும் எச்சங்களிலும் ஊறிய தமிழ் மாணவருக்கு இந்த வேகம் பொருந்துகிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மேச்சன் ஏறக்குறைய ஒவ்வொரு பாடத்திலும் கிரேக்கத்தில் வாக்கியம் எழுதச் சொல்கிறார். இன்றைய நூல்கள் பலவும் இதைக் குறைத்துவிட்டன. வாசிப்பதற்குத்தானே கற்கிறோம், எழுதுவது எதற்கு என்பது அவர்கள் வாதம். ஆங்கில மாணவருக்கு அது சரியாக இருக்கலாம். நமக்குச் சரிவராது. வாசிக்கும்போது ஆர்ட்டிகிளை விழுங்கிவிடும் தமிழ் மாணவர், எழுதும்போது அதை விட்டால் உடனே பிடிபட்டுவிடுவார். பெயரடையின் பாலை ஆர்ட்டிகிளோடு பொருத்தாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. நாம் தடுமாறும் இடத்திலேயே அந்தப் பயிற்சி கை வைக்கிறது. எங்கள் வகுப்பில் நான் வாக்கியங்களைத் தமிழில் எழுதிப்போடுகிறேன். ஆங்கிலத்தைச் சுற்றி வராமல் தமிழிலிருந்து நேரே கிரேக்கத்துக்குப் போகிறார்கள்.

மேச்சனிடம் குறைகளும் உண்டு. பயிற்சி வாக்கியங்கள் பெரும்பாலும் அவரே புனைந்தவை. அப்போஸ்தலர்களும் சீஷர்களும் வீடுகளும் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டும். நூலுக்குள் விடைகள் இல்லை, அதனால்தான் வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்றேன். வினையின் காலங்களை அவர் விளக்கும் முறையும் பழையது. அந்தப் பகுதிக்கு 2014-இல் வந்த ராட்னி டெக்கரின் நூலைத் துணையாக வைத்துக்கொள்வது நல்லது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்திலிருந்தும் அவர் எடுத்துக்காட்டுகள் தருகிறார். பாதிப் பாடங்கள் முடிந்ததும் யோவானின் முதல் நிருபத்தை எடுத்துவிட வேண்டும். ஐந்தே அதிகாரங்கள், எளிய சொற்கள், சிறிய வாக்கியங்கள். புனைந்த வாக்கியங்களின் சலிப்பு அங்கே தீர்ந்துவிடும். பிறகு யோவான் சுவிசேஷம். லூக்காவுக்கும் எபிரெயருக்கும் அவசரப்பட வேண்டாம்.

பழைய நூலகங்களில் கிடைக்கும் வென்ஹாமின் 1965-ஆம் ஆண்டு நூலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சுமையைக் குறைப்பதற்காக, கிரேக்க எழுத்துகளின் மேல் இடும் அழுத்தக் குறிகளில் பெரும்பாலானவற்றை அவர் நீக்கிவிட்டார். 'யார்' என்பதையும் 'யாரோ ஒருவர்' என்பதையும் பிரித்துக் காட்டுவது அந்தக் குறிதான். குறிகளோடு கற்பதே நல்லது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். மேச்சன் 1937 ஜனவரி முதல் நாள் காலமானார். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் நம் நாட்டில் பதிப்புரிமை முடிந்துவிடும். ஆகவே 1923-ஆம் ஆண்டுப் பதிப்பை எவரும் தடையின்றி அச்சிட்டுக்கொள்ளலாம். 2004-இல் வேறொருவர் திருத்திய பதிப்புக்கு இது பொருந்தாது. எங்கள் மாணவிகள் பழைய பதிப்பை நகலெடுத்து நூல்கட்டித்தான் படிக்கிறார்கள்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, கிரேக்கத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அங்கேயே அச்சிட்டார். அதே மனிதர், தமிழ் கற்க விரும்பிய ஐரோப்பியருக்காக, அவர்கள் பள்ளியில் படித்திருந்த இலத்தீன் வழியாகவே ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார்; அது 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. கற்பவருக்குத் தெரிந்த இலக்கணத்தில் காலூன்றிப் புதிய மொழிக்கு அழைத்துப்போகும் அந்த அக்கறை, கிரேக்கம் கற்க வரும் தமிழருக்கும் கிடைக்க வேண்டாமா?

நம் இறையியல் கல்லூரிகளுக்கும் கிறிஸ்தவப் பதிப்பகங்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மேச்சனின் பாட வரிசையை ஒட்டி ஒரு சிறு தமிழ்த் துணைநூல் வெளியிடுங்கள். வேற்றுமைக்கும் எச்சங்களுக்கும் சில பக்கங்கள் போதும். ஆர்ட்டிகிளுக்கும் பாலுக்கும் ரிலேட்டிவ் புரோனவுனுக்கும் தாராளமாக இடம் கொடுங்கள். தமிழிலிருந்து கிரேக்கத்தில் எழுதும் பயிற்சிகளும் கடைசியில் அவற்றுக்கான விடைகளும் இருக்கட்டும். எழுத முன்வருகிறவருக்கு என் வகுப்புக் குறிப்பேடுகளை முழுமையாகத் தருகிறேன். பெயர்கூடப் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பாளையங்கோட்டை