'சார், ஓடிபி' என்று கேட்டு வாங்குவது இருபடிச் சரிபார்ப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிறுவனங்கள் தங்கள் மென்பொருள் கணக்குகளுக்கு, பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நம் ஊர்ச் சிறு நிறுவனங்கள் பலவற்றில் நடப்பது வேறு. ஐந்து பேருக்கு ஒரே லாகின். ஓடிபி மட்டும் முதலாளியின் கைபேசிக்கு வரும். கணக்குப் பிரிவிலிருந்து "சார், ஓடிபி" என்று குரல் கேட்டதும் அவரும் யார், எதற்கு என்று பார்க்காமல் படித்துக் காட்டுவார். நாளை வெளியாள் ஒருவன் போனில் அதே தொனியில் கேட்டாலும் எண் போய்விடும். ஆளுக்கொரு கணக்கு என்பதுதான் முதல் வேலை. அதற்கு ஆகும் உரிமக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இந்தக் கூத்து.

அடுத்து, ஒரே நாளில் பூட்டிவிடக் கூடாது. நிறுவனங்களுக்கான கூகுளின் மின்னஞ்சல், ஆவணச் சேவையான ஒர்க்ஸ்பேஸின் அட்மின் (நிர்வாகி) பக்கத்தில் இன்ன தேதியிலிருந்து கட்டாயம் என்று குறிக்கும் வசதி உண்டு. அந்தத் தேதி தாண்டியும் பதிவு செய்யாதவர் வெளியே நிற்பார்; உள்ளே வந்தால்தானே பதிவு செய்ய முடியும்? எனவே முதல் இரண்டு வாரம் விருப்பத்துக்கு விட்டு, பதிவு செய்யாதவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து முடித்த பிறகே தேதி குறிக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கான அவகாசம் தனி அமைப்பு. அதை மறந்தால் வேலைக்கு வந்த முதல் நாளே கதவடைப்புதான்.

எஸ்எம்எஸ் ஓடிபியைக் கூடுமானவரை தவிர்க்கலாம். மோசடியாக மாற்றுச் சிம் வாங்கியவனுக்கும் அது போய்ச் சேரும். கைபேசியிலேயே ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியின் ஆறு இலக்க எண் பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். "சரியாத்தான் போடுறேன், தப்புன்னு வருது" என்று யாராவது சொன்னால் அவருடைய கைபேசிக் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் தானாக அமையும்படி மாற்றினால் சரியாகிவிடும். 'நீங்கள்தானா?' என்று கேட்டு 'ஆம்' என்று தட்டச் சொல்லும் முறையில் ஓர் ஓட்டை உண்டு. 2022-இல் உபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர் ஓர் ஒப்பந்தப் பணியாளருக்கு அப்படித் திரும்பத் திரும்ப அனுப்பினார். ஒரு கட்டத்தில் அந்தப் பணியாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். மைக்ரோசாஃப்ட் தன் செயலியில் உள்நுழையும் திரையில் தெரியும் எண்ணைக் கைபேசியில் இடும் முறையை 2023 மே மாதத்தில் கட்டாயமாக்கியது இந்த வகைத் தாக்குதலுக்காகத்தான்.

கைபேசி தொலைந்தால் ஓடிபிக்குப் பதிலாக இட கூகுள் தரும் பத்து பேக்கப் கோடுகள் உதவும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். கையில் இல்லாவிட்டால் அட்மின் புதிதாக எடுத்துத் தரலாம். போனில் கேட்ட குரலை நம்பி மட்டும் தந்துவிடக் கூடாது. நேரிலோ வீடியோ அழைப்பிலோ முகம் பார்க்க வேண்டும்.

இனி சிங்கிள் சைன் ஆன், அதாவது ஒரே கணக்கில் ஒருமுறை நுழைந்து எல்லா மென்பொருளையும் திறக்கும் முறை. எல்லா மென்பொருளுக்கும் ஒரே வாசல் என்பதால் இருபடிச் சரிபார்ப்பை அந்த வாசலில் வைத்தால் போதும் என்பார்கள். பழைய பாஸ்வேர்டு வழியை ஒவ்வொரு மென்பொருளிலும் அடைத்திருந்தால்தான் அது உண்மை. அடைக்காவிட்டால், வேலையை விட்டுப் போனவரின் முதன்மைக் கணக்கை முடக்கிய பிறகும் அவர் பின்வாசல் வழியாக வரலாம். அவர் ஏற்கெனவே நுழைந்து திறந்து கிடக்கும் செஷன்களையும், அவர் பெயரில் எடுத்த ஏபிஐ டோக்கன்களையும் (ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குள் நுழையப் பயன்படும் சாவி எழுத்துகள்) தனியே ரத்து செய்ய வேண்டும். அந்த ஒரே வாசல் பழுதானால் நுழைய, அதற்கு வெளியே இரண்டு அவசர அட்மின் கணக்குகள் வேண்டும். அவற்றின் செக்யூரிட்டி கீகள் (இரண்டாம் படிக்கான சிறு சாவிக் கருவிகள்) வெவ்வேறு இடத்தில் பூட்டியிருக்கட்டும்.

அதிகம் மறக்கப்படுவது சான்றிதழ். அந்த ஒரே வாசலையும் மென்பொருளையும் இணைக்கும் சாம்எல் என்ற முறையில், வந்த தகவல் அந்த வாசலிலிருந்து வந்ததுதான் என்று உறுதி செய்யும் கையொப்பச் சான்றிதழுக்கு ஆயுள் உண்டு: மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுச் சேவையான என்ட்ராவில் இயல்பாக 3 ஆண்டு, கூகுளில் 5 ஆண்டு. காலாவதியானதைப் பல மென்பொருள்கள் ஏற்காது. ஒரு நாள் காலையில் ஒருவராலும் உள்ளே போக முடியாது. என்ட்ரா 60, 30, 7 நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை அனுப்புகிறது. ஆனால் அது இயல்பாகப் போவது அந்த மென்பொருளை இணைத்த அட்மினின் மின்னஞ்சலுக்கு. மூன்று ஆண்டில் அவர் வேறு நிறுவனத்தில் இருப்பார். அந்த இடத்தில் ஒரு பொது முகவரியை இன்றே சேர்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

இப்படிக்கு,
கணினி நிர்வாகப் பணியில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.