'ஃபென்ஸ்டர்' காற்றில் பிறந்த சொல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிப் பகுதியில், ஜன்னலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'ஃபென்ஸ்டர்', ஆங்கில 'விண்டோ'வைப் போலவே காற்றிலிருந்து பிறந்தது என்று எழுதியிருந்தார்கள். நெடுங்காலம் ஜெர்மன் கற்பித்தவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

'விண்டோ' காற்றின் சொல்தான். ஸ்காண்டினேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்தது. ஃபென்ஸ்டரோ லத்தீன் 'ஃபெனெஸ்ட்ரா'வின் வழிவந்தது. காற்றுக்கு லத்தீனில் 'வென்டுஸ்' என்று வேறு சொல் இருக்கிறது. ஒலி சற்று ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது.

ஃபென்ஸ்டர் தனியாகவும் வரவில்லை. பண்டைய ஜெர்மானியர்கள் மரத்தை நட்டு, விளார்களைத் தட்டிபோலப் பின்னி, மண் பூசி வீடு கட்டியவர்கள். சுவருக்கு அவர்கள் வைத்திருந்த 'வாண்ட்' என்ற சொல்லுக்கே, சுற்றுதல், பின்னுதல் என்ற வினையோடுதான் உறவு. ரோமானியரின் கல் கட்டடங்களைக் கண்ட பிறகு, கொத்துவேலையோடு அதன் சொற்களும் வந்து சேர்ந்தன. லத்தீன் 'மூருஸ்' கற்சுவரைக் குறிக்கும் 'மௌவர்' ஆனது; 'டேகுலா' என்ற ஓடு 'ட்ஸீகெல்' ஆனது. சுண்ணாம்பைக் குறிக்கும் 'கால்க்', நிலவறையைக் குறிக்கும் 'கெல்லர்' எல்லாம் அப்படி வந்தவையே. இன்றும் அறைக்குள் படம் மாட்டும் சுவர் 'வாண்ட்'தான். 1961-இல் பெர்லினைப் பிளந்த சுவர் 'மௌவர்'. இரண்டு நாகரிகங்கள் சந்தித்த தடம் அன்றாடப் பேச்சில் இப்படி நிற்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

17-ஆம் நூற்றாண்டில் பிலிப் ஃபான் ட்ஸேசன் என்ற, பிறமொழிக் கலப்பை விரும்பாத ஜெர்மன் எழுத்தாளர், ஃபென்ஸ்டருக்குப் பதில் பகலொளி தருவது என்ற பொருளில் ஒரு சொல்லை ஆக்கிப் பார்த்தார். அது நிலைக்கவில்லை.

நம் 'ஜன்னல்' போர்ச்சுக்கீசிய 'ஜனேலா'. அதற்கும் மூலம் லத்தீன்தான். ஆனால் ஃபெனெஸ்ட்ரா அல்ல, கதவைக் குறிக்கும் 'யானுவா'. ஜன்னல் என்றால் சிறு கதவு. காற்றைத் தேடுவதானால், ஜன்னலைச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் 'மான்கட் காலதர்' இருக்கிறதே! கால் என்பது காற்று, அதர் என்பது வழி.

மாணவர்கள் வெட்டி ஒட்டிவைக்கும் பகுதி அது. அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியை,
திருச்சி