முன்பாரம், பின்பாரம்

மார்க்கம், ஒன்ராறியோ
ஒக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிற காலத்தில் நீ மட்டும் இன்னமும் நீலப் பேனாவால் நாலு பக்கம் எழுதி முத்திரை ஒட்டுகிறாய். என் மனுசி சிரிக்கிறாள். ஆனால் மின்சாரக் கட்டணத்துக்கும் பீட்சா விளம்பரத்துக்கும் நடுவில் உன் கையெழுத்தைக் கண்டால் எனக்கு அன்று முழுக்க ஒரு தெம்பு. அதனால் நானும் பேனா பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், வலது பெருவிரலில் கட்டு. காரணம் பின்னால் வரும்.

மகளுக்கு மருத்துவபீடம் கிடைக்கவில்லை என்று நீ இவ்வளவு உடைந்துபோக வேண்டியதில்லை. விவசாயபீடத்துக்கு என்ன குறை? கிளிநொச்சி உனக்கு எட்டாத தூரமும் இல்லை. அவளை அவள் பாட்டில் விடு. அப்புறம், உன் அப்புவின் மாட்டு வண்டில் சில்லுகளை ஒரு விருந்தினர் விடுதிக்காரர் வாசலில் அழகுக்கு வைக்கக் கேட்கிறார், கொடுக்கட்டுமா என்று எழுதியிருந்தாய். அதற்கு மறுமொழி கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் இங்கே ஒரு வண்டில் செய்த கதையைக் கேள். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குப் பெட்டி ஒட்டியே கை கறுத்தவன் நீ, சிரிப்பாய். பரவாயில்லை.

இங்கே எனக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருப்பது உனக்குத் தெரியும். கத்தரி, மிளகாய், வெண்டி. எரு ஏற்ற வேண்டும், பலகை ஏற்ற வேண்டும், இலையுதிர்காலத்தில் சருகு மூட்டை ஏற்ற வேண்டும். இதையெல்லாம் எங்கள் பழைய சியன்னா வானுக்குள் ஏற்றி ஏற்றி, கோயிலுக்குப் போகும்போதும் சேலையில் எரு மணக்கிறது என்று வீட்டில் சண்டை. புதிய ட்ரெய்லர் ஒன்று வாங்கினால் இரண்டாயிரம் டொலருக்கு மேல் போகும். அப்போதுதான் சிம்கோ ஏரிப் பக்கம் ஒரு வளவில், இடுப்பளவு புல்லுக்குள் ஒரு படகு ட்ரெய்லர் கிடப்பதைக் கண்டேன். வீட்டுக்காரக் கிழவர் படகை எப்போதோ விற்றுவிட்டார். இருநூறு டொலர் கேட்டார். பதிவுக் காகிதம் பத்திரமாக வைத்திருந்தார், அது போதும். ஒன்ராறியோவில் ட்ரெய்லருக்கு ஒரு தடவை இலக்கத்தகடு எடுத்தால் சரி, வருடாவருடம் புதுப்பிக்கிற தொல்லை இல்லை.

படகு ட்ரெய்லரை நீ பார்த்திருக்க மாட்டாய். தட்டில்லாத வண்டில் என்று வைத்துக்கொள். இரண்டு பக்கமும் நீள இரும்பு. அவற்றை இணைக்கிற குறுக்குச் சட்டங்கள் நேராக இருக்காது, நடுவில் கீழே வளைந்திருக்கும். படகின் அடிவயிறு அந்தப் பள்ளத்தில் அமர வேண்டுமே. பள்ளத்தில் ரப்பர் உருளைகள். வள்ளத்தைப் பனங்குற்றியில் உருட்டிக் கரையேற்றுவார்களே, அதே வேலைக்குத்தான். இரு பக்கமும் கம்பளம் சுற்றிய பலகைகள், முன்னால் படகை இழுத்தேற்ற ஒரு கைச்சுழற்சி விஞ்ச். வானோடு கொளுவுகிற ஏர்க்கால் நல்ல நீளம். எல்லாமே அந்த ஒரு படகின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஒரு சீமெந்து மூட்டையைக்கூட இதன்மேல் வைக்க இடமில்லை.

முதலில் சுத்தியலால் இரும்பு முழுவதையும் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு கணீரென்றது. பின் குறுக்குச் சட்டம் மட்டும் 'தொப்' என்றது. உள்ளே துரு தின்றிருந்தது. குளிர்காலத்தில் இங்கே தெருவுக்கு உப்புக் கொட்டுகிறார்கள் அல்லவா, இரும்புக்கு அதுதான் எமன். அந்தச் சட்டத்தை மட்டும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் புதிதாக வெல்டிங் பண்ணி ஒட்டுவித்தேன். நானே ஒட்டியிருக்கலாம் என்று எழுதாதே. பத்தாம் வகுப்பில் உன் பட்டறையில் நான் ஒட்டிய வாளிப் பிடி என்ன ஆனது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

உருளை, கம்பளப் பலகை எல்லாம் கழற்றினேன். விஞ்சை மட்டும் விட்டுவைத்தேன். குறுக்கே தளத்துக்கு இரண்டுக்கு ஆறு மரம் போட்டேன். இந்த நாட்டு வேடிக்கை ஒன்று சொல்கிறேன்: கடையில் 'இரண்டுக்கு ஆறு' என்றுதான் கேட்க வேண்டும், காசும் அப்படித்தான் வாங்குவான், ஆனால் அளந்தால் ஒன்றரைக்கு ஐந்தரை அங்குலம். எல்லாருக்கும் தெரியும், யாரும் சண்டை பிடிப்பதில்லை. சுன்னாகம் சந்தையில் இப்படி ஒருவன் விற்றுப் பார்க்கட்டும்! மழைக்கு உக்காமல் செம்பு மருந்தேற்றிய மரம் அது. அந்த மருந்து சாதாரண ஆணியைத் தின்றுவிடும் என்பதால் துத்தநாகம் பூசிய போல்ட்தான் போட வேண்டும். அதன்மேல் எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்றை முழுதாகப் படுக்க வைத்து, இரண்டு கை பச்சைப் பூச்சு அடித்தேன். மனுசி வந்து பார்த்துவிட்டு, "கட்டில் மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை.

பிறகு சில்லுக் குடம். இதைத்தான் உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். படகை இறக்கும்போது ட்ரெய்லரைப் பின்பக்கமாக ஏரித் தண்ணீருக்குள் விடுவார்கள். நெடுந்தூரம் ஓடி வந்த குடம் சூடாக இருக்கும். சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். அதனால்தான் படகு ட்ரெய்லர்களில் பெயரிங் சீக்கிரம் போகிறது. சிலர் வில் வைத்த ஒரு மூடி போட்டு, கிறீஸை எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். இந்தக் கிழவர் போடவில்லை. மூடியைத் திறந்தேன், கிறீஸ் பாலூற்றின தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது. பெயரிங், சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, உள்ளங்கையில் கிறீஸை வைத்து பெயரிங்கின் ஒவ்வொரு உருளை இடுக்கிலும் திணித்தேன். நட்டை முடுக்கி, அரைச் சுற்றுத் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்கி, குறுக்கே பின் செருகி மடித்தபோது அப்புவின் கடையாணி ஞாபகம் வந்தது. நாம் அதைக் கழற்றி ஒளித்துவைத்து அடி வாங்கினோமே, அந்த நாள்.

சரி, இப்போது மானம் போன கதை.

படகில் பாரமான பகுதி பின்னால். இயந்திரம் பின் பலகையில்தான் தொங்கும். அதனால் படகு ட்ரெய்லரின் அச்சை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். நான் தட்டுப் போட்டு, முற்றத்துக்குத் தளம் போட வாங்கிய கலவை மூட்டைகளைச் சீராக அடுக்கினேன், முப்பது கிலோப்படி பன்னிரண்டு. ஏர்க்கால் நுனியைத் தூக்க முடியவில்லை. வானில் கொளுவினால் வானின் பின்பக்கம் குந்திக்கொண்டது. எனக்கு உடனே விளங்கியது: அச்சை முன்னுக்கு நகர்த்த வேண்டும். வில்லுகளைப் பிடித்திருந்த போல்ட்களில் பத்து வருடத் துரு. ஸ்பானர் வழுக்கியதில்தான் பெருவிரல் போனது. வலியோடு வலியாக ஒன்றரை அடி முன்னுக்குக் கொண்டுவந்து முடுக்கினேன். இப்போது ஒற்றைக் கையால் தூக்கலாம்! அயலவர்களைக் கூப்பிட்டுத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவு பெருமை.

அடுத்த சனிக்கிழமை மகனுடைய பழைய குளிர்சாதனப் பெட்டியை ஏற்றிக்கொண்டு 48ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனோம். விஞ்சால் இழுத்து ஏற்றியது என்னவோ சுகம்தான். ஆனால் முன்னால் பலகைகள் கிடந்ததால், பெட்டி பின் விளிம்பில் நின்றது. எண்பதைத் தொட்டதும் பின்னால் ஏதோ வாலாட்டுவது போலிருந்தது. முதலில் மெதுவாக. பிறகு கண்ணாடியில் பார்க்கிறேன், ட்ரெய்லர் இடப்பக்கமும் வலப்பக்கமும் வீசுகிறது, ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிது. வானின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது. பிரேக்கில் கால் வைக்கப் போனவன் வைக்கவில்லை. அந்த நேரத்துக்குப் புத்தி வந்தது கடவுள் செயல். ஆக்சிலறேற்றரிலிருந்து காலை மட்டும் எடுத்து, சுக்கானை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அறுபதுக்கு வந்ததும் அடங்கியது. ஓரத்தில் நிறுத்தினோம். மனுசி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் பயம்.

அந்த ஓரத்தில் நின்றபோது, மச்சான், எனக்கு உன் அப்புவின் சத்தம் கேட்டது. புகையிலைச் சிப்பம் ஏற்றும்போது நாம் இரண்டு பேரும் சோம்பலில் எல்லாவற்றையும் வண்டிலின் வால்பக்கமே போடுவோம். "பின்பாரமடா! மாட்டைத் தூக்கில போடப் போறியளோ?" என்பார். பின்பாரமானால் நுகம் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். முன்பாரம் கூடினால் கழுத்தில் புண். ஏற்றி முடித்ததும் அவர் நுகத்தடிக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து லேசாகத் தூக்கிப் பார்ப்பார், நினைவிருக்கிறதா? பிறகு ஒன்றும் சொல்லாமல் ஒரு சிப்பத்தை எடுத்து ஒரு முழம் முன்னுக்கு வைப்பார்.

இங்கே இதற்குக் கணக்கு இருக்கிறது. மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை ஏர்க்கால் நுனியில் நிற்க வேண்டும். குறைந்தால் வாலாட்டும், கூடினால் இழுக்கிற வண்டியின் முன் சில்லு தரையை விட்டு லேசாகி, சுக்கான் பிடி கொடுக்காது. அளப்பதற்குக் குளியலறைத் தராசே போதும். ஒரு பலகையின் ஒரு முனையைத் தராசில் வை, மறுமுனையைக் கல்லில் வை, நடுவில் மூன்றடி இடைவெளி. ஏர்க்கால் நுனி கல்லிலிருந்து ஓரடியில், தராசிலிருந்து இரண்டடியில் பலகைமேல் நிற்கட்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கு. என்னிடம் அந்தப் பன்னிரண்டு மூட்டையோடு மொத்தம் ஏறக்குறைய 1,350 இறாத்தல். தராசு காட்டியது 27. ஆக 81 இறாத்தல், நூற்றுக்கு ஆறு. மூட்டைகளைச் சீராக அடுக்கியும் இவ்வளவுதான். பெட்டி பின் விளிம்பில் நின்ற அன்றைக்கு இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

திரும்பவும் துருப் போல்ட், திரும்பவும் ஸ்பானர். அச்சை எட்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளினேன். தராசு 52 காட்டியது, மூன்றால் பெருக்கினால் 156. நூற்றுக்குப் பதினொன்றரை. பெருமைக்குத் தூக்கிக் காட்ட முடியாத பாரம், ஆனால் இப்போது அதே சாலையில் பின்னால் ஒன்று வருகிறது என்பதே தெரியவில்லை. தராசில் கிறீஸ் பட்டதற்கு வீட்டில் விசாரணை நடக்கிறது.

மற்றது எல்லாம் சில்லறை அலுவல். விளக்குக்கு நாலு கம்பி: வெள்ளை, மண்ணிறம், மஞ்சள், பச்சை. வெள்ளை நிலக்கம்பி, அது துருவில் பிடித்திருந்தால் மற்ற மூன்றும் பைத்தியம் பிடித்தது போல எரியும். இரண்டு சங்கிலியைக் கொளுக்கிக்குக் கீழே குறுக்காகப் போட்டிருக்கிறேன். டயரின் பக்கத்தில் அது தாங்கும் பாரம் எழுதியிருக்கிறது, ஒன்றுக்கு 780 இறாத்தல். இரண்டையும் கூட்டி அதற்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொள்கிறேன். எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதிய ட்ரெய்லரின் சொந்தத் தகடு எப்போதோ அழிந்துவிட்டது. 1,360 கிலோவை எட்டினால் ட்ரெய்லருக்கே பிரேக் வேண்டும் என்பது சட்டம். அந்தப் பக்கமே நான் போவதில்லை. இன்னொரு சட்டமும் உண்டு: ட்ரெய்லரில் ஆள் ஏறிப் போகக் கூடாது. பேரன் நாலு வயது, ஏற்றச் சொல்லி அழுகிறான். வல்லிபுரக் கோயிலுக்கு வைக்கோல் மேல் படுத்துக்கொண்டு போனவன் நான், அவனுக்கு என்ன பதில் சொல்வது? வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைத்தபடி ஏற்றி, நான் முன்னால் நின்று 'ஹை ஹை' என்கிறேன். அவனுக்கு அது போதும். இப்போதைக்கு.

ஏர்க்கால் நீளமாக இருப்பதில் ஒரு நன்மை, பின்னுக்கு எடுக்கும்போது அவசரப்படாமல் திரும்புகிறது. ஆனாலும் நீ லாண்ட்மாஸ்டரைப் பெட்டியோடு அந்த ஒழுங்கைக்குள் ஒரே மூச்சில் பின்னுக்கு எடுப்பது மாதிரி எனக்கு இன்னும் வரவில்லை. போன கிழமை அயலவரின் தபால்பெட்டி கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

சில்லு விஷயம். கொடு மச்சான். கொட்டிலில் கறையான் தின்பதைவிட வாசலில் நாலு பேர் பார்க்கட்டும். நல்ல விலை கேள், அப்புவும் அப்படித்தான் செய்திருப்பார். ஆனால் கொடுக்கமுன் எனக்காக இரண்டு அலுவல். ஒரு கடையாணியை எடுத்து வை, அடுத்த முறை வரும்போது கொண்டுபோகிறேன். மற்றது, அளவு நாடாவைப் பிடித்து நுகத்தடியிலிருந்து அச்சுவரை எத்தனை அடி, அச்சிலிருந்து வண்டிலின் வால்வரை எத்தனை அடி என்று அளந்து எழுது. உன் அடுத்த கடிதத்திலேயே எழுது. இங்கே பனி விழ முன்பு ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உன் பழைய வாங்குத் தோழன்