கொட்டகை மிஷினை மீட்க ஊராருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊரில் டூரிங் டாக்கீஸ் இருந்தது என்றால் இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். இருந்தது. வாய்க்காலுக்கு மேற்கே, இப்போது நெல் காயப்போடும் களத்தில், மூன்று பிசான நெல் அறுப்பு வரை, அதாவது மூன்று வருஷம், நின்றது. அவ்வளவுதான் அதன் ஆயுள்.

கீற்றுக் கூரை, ஆற்று மணல் தரை, பின்னால் நாலைந்து பெஞ்சு. தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவார்கள். மறைக்கிறது என்று பின்னால் இருப்பவர் காலால் கலைத்துவிடுவார். பாதிச் சண்டை படம் தொடங்குமுன்பே முடிந்திருக்கும். ஒரே புரொஜெக்டர். நிமிடத்துக்கு 90 அடி படச்சுருளை விழுங்கும் மிஷின் அது. ரீல் மாற்றப் படத்தை நிறுத்தித்தான் ஆகவேண்டும். அதனால் மூன்று நான்கு இடைவேளை. முறுக்கு விற்றவருக்கு அதுதான் யோகம்.

அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, புளியமரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். கொட்டகை நிரம்பிவிட்டால் வேலிக்கு வெளியே வண்டியில் இருந்தபடியே பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் காரில் உட்கார்ந்து பார்க்கும் முதல் திறந்தவெளித் தியேட்டரை 1933 ஜூன் 6 அன்று ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் திறந்தார். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட் வாங்கினார். நம் ஊரில் வண்டிக்குக் காசு வாங்கவில்லை. ஒருவேளை அதனால்தான் நொடித்ததோ என்னவோ. ஆனால் அவருடைய தியேட்டரும் சில ஆண்டுகளில் மூடப்பட்டதுதான்.

நம் கொட்டகையைச் சாய்த்தது ஐப்பசி மழை. அறுப்புக் காலத்தில் கையில் காசு புரளும், கூட்டம் வரும். அடைமழையில் கூரை ஒழுகும், மணல் சேறாகும். மூன்றாவது மழைக்குப் பிறகு கீற்று மாற்ற முதலாளியிடம் பணம் இல்லை.

மிஷின் மட்டும் ஆபரேட்டர் வீட்டில் தங்கிவிட்டது. 1992 நவம்பர் வெள்ளத்தில் நனைந்து, விளக்குக் கூடு துருப்பிடித்திருக்கிறது. லென்ஸ் நன்றாக இருக்கிறது. துணியால் துடைத்துச் சுவரில் வெயிலை விழச்செய்து பார்த்தோம். ஆபரேட்டர் இப்போது இல்லை. வீட்டை இடித்துக் கட்டப்போகும் அவர் பிள்ளைகளிடம் பழைய இரும்புக் கடைக்காரர் விலை பேசிவிட்டார். தை பிறக்கும் வரை நமக்குத் தவணை தந்திருக்கிறார்கள்.

அதை ஓடவைக்க வேண்டும் என்று குழுவில் ஒரு கட்சி. அதன் விளக்கில் எரிய வேண்டிய கார்பன் குச்சிக்கு எங்கே போவது? துரு நீக்கி, நூலகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கொட்டகையில் படம் பார்த்த பெரியவர்களின் பேச்சையும் பதிவு செய்வோம். அதுதான் அவசரம்; போன ஆண்டு இருந்தவர்களில் மூவர் இன்று இல்லை.

மிஷினுக்கு 40,000 ரூபாய், துரு நீக்கவும் கூண்டு செய்யவும் 35,000, ஒலிப்பதிவுக்கு 15,000, மொத்தம் 90,000. இதுவரை 28,500 சேர்ந்திருக்கிறது. பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவு நூலகப் பலகையில் மாதாமாதம் ஒட்டப்படும். மிஷின்மேல் யார் பெயரும் எழுதப்படாது. டியூப் லைட்டில் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைத்த கதை இங்கே வேண்டாம்.

பணமாகத் தர இயலாதவர்கள் அந்தக் காலத்து நோட்டீசோ டிக்கெட் துண்டோ பெட்டியடியில் கிடந்தால் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலைகளில் பொருளாளர் நூலகத் திண்ணையில் இருப்பார். வெளியூரில் இருப்பவர்கள், ஊரில் உள்ள உறவினர் கையில் கொடுத்தனுப்பலாம்.

இப்படிக்கு,
குழுவினர்