மண்வேலை ஒப்படையும் எங்கள் குளக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திர வகுப்பில் மண்பாண்ட ஒப்படை கொடுத்தால் பிள்ளைகள் முதலில் போனை எடுத்துப் படம் தேடுகிறார்கள். முல்லைத்தீவுப் பக்கம் சித்திரம் படிப்பிக்கிற நான் வருடாவருடம் பார்ப்பது இதைத்தான். பூனை முகம் போட்ட கோப்பை, ரோசாப்பூ ஒட்டிய சாடி, திரும்பத் திரும்ப அதே நாலைந்து படம். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, "ஏதாவது புதுசாகச் செய்து கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி ஒரு கிழமை தவணை கொடுத்தால் அதுகள் வேறு எங்கே போகும்?

களிமண்ணில் கைவைக்க முன்னம் ஒரு நாள் அவர்களை வெளியே கூட்டிப்போக விடுங்கள், கொப்பியும் பென்சிலும் போதும். ஆவணியில் குளம் வற்றி அடிநிலம் வெடித்துக் கிடக்கிற கோலமே ஒரு தட்டின் மேற்பரப்புக்குக் காணும். குளவி ஈரமண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து சுவரில் கூடு கட்டுவதைப் பொறுமையாகப் பார்த்த பிள்ளைக்கு, மண்ணைத் திரியாக உருட்டி வளையம் வளையமாக அடுக்கிப் பானை எழுப்புவதை நான் விளக்கத் தேவையில்லை. வீட்டில் அம்மம்மா வைத்திருக்கிற பனையோலைக் கடகத்தையோ பாயையோ ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்தால் என்ன வடிவான பின்னல் பதியும் தெரியுமா! கடற்கரைச் சிப்பியையும் அப்படிப் பதிக்கலாம், ஆனால் சிப்பியை உள்ளே விட்டுச் சுடக்கூடாது, சூட்டில் அது சுண்ணாம்பாகி, பிறகு ஈரத்தை இழுத்து ஊதிப் பாண்டத்தையே உடைத்துவிடும். இதெல்லாம் தொட்டுப் பார்த்துப் படிக்கிற விசயம்.

விளக்குச் செய்யப்போகிற பிள்ளை வைகாசியில் வற்றாப்பளை அம்மனுக்கு உப்புநீரில் விளக்கெரிகிற கதையை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாந்தை இருக்கிறது, 1980களில் அங்கே கிண்டியபோது சீனத்துப் பாண்டத் துண்டுகளும் பாரசீகப் பக்கத்துத் துண்டுகளும் நம்மூர் மட்பாண்டங்களோடு சேர்ந்தே வந்தன. பழைய துறைமுகமல்லவா. அந்தத் துண்டுகளின் படத்தை வகுப்பில் ஒட்டிவிட்டாலே கேள்வி கேள்வியாக வரும், கேள்வி வந்தால் வேலையும் வந்துவிடும்.

ஊரில் இன்னும் சட்டி வனைகிற ஐயாமார் இருக்கிறார்கள். உள்ளே கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி அவர்கள் பானையின் வயிற்றைப் பெருப்பிக்கிறதை எந்தப் படமும் சரியாகக் காட்டாது. ஒருவரையாவது வகுப்புக்கு அழைத்து, அவருடைய நாட்கூலியைக் கொடுத்து, பிள்ளைகளுக்கு முன்னால் வனையச் சொல்ல வேண்டும். சும்மா வந்து காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதையில்லை.

வலயக் கல்வி அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய காசில்லை. அரைநாள் வெளியே போகிற அனுமதியை அதிபரே கொடுக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை, வனைகிறவருக்கு ஒருநாள் கூலி, அவ்வளவுதான். பஸ்ஸும் வேண்டாம், இங்கே எத்தனையோ பாடசாலைகளுக்குக் குளக்கட்டு நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு சித்திர ஆசிரியை,
முல்லைத்தீவு.