கண்மாய்க் கரையில் டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருந்த அப்பத்தாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

எங்கள் ஊர் மக்களுக்கும் அருப்புக்கோட்டையில் எனக்குத் துணை நின்றவர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேர்வாகிவிட்டேன். பட்டியலில் என் எண்ணைப் பார்த்த அன்றே வீடு வீடாக வந்து சொன்னேன். கையில் காபியைக் கொடுத்து, "சரி சரி, நல்லா இரு" என்று எல்லோரும் பேச்சை முடித்துவிட்டீர்கள். நன்றி சொல்ல ஒருவரும் விடவில்லை. பயிற்சிக்குக் கிளம்பும் முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அப்பத்தா. எனக்கு உறவு இல்லை. ஊருக்கே அவர் அப்பத்தா, ஆடு மேய்ப்பவர். போன சித்திரையில் கண்மாய் வற்றியதும் அதன் உள்வாய்தான் எனக்குக் கிரவுண்டு. வெயில் ஏறும் முன் ஓட வேண்டுமானால் விடியற்காலை நாலரைக்கே இறங்க வேண்டும். அந்த நேரத்தில் கும்மிருட்டு, சுற்றிலும் சீமைக் கருவேலங்காடு. வயசுப் பிள்ளை தனியாக எங்கே போகிறது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அம்மா பயந்துபோய் ஒரு வாரம் வெளியே விடவில்லை.

எட்டாம் நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தால் அப்பத்தா நிற்கிறார். ஒரு கையில் தொரட்டிக் கம்பு, ஒரு கையில் டார்ச். "நான் கரையில உக்காந்துக்கிறேன், பிள்ளை ஓடட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான். அன்றைக்கு அடங்கிய பேச்சு பிறகு எழவே இல்லை.

மதகுப் பக்கம் அவர் உட்கார்ந்துகொள்வார். நான் ஓட ஓட டார்ச் வெளிச்சம் என் காலுக்கு ஓரடி முன்னால் ஓடி வரும். கண்மாயின் மறுபக்கம் வெளிச்சம் எட்டாது. அங்கே போனதும், "ஏ பிள்ளே!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். "இருக்கேன் அப்பத்தா" என்று நான் பதில் சொல்ல வேண்டும். முதல் மாதம் மூச்சு வாங்கி, "இருக்" என்பதோடு நின்றுவிடும். மெதுவோட்டம் என்றால் ஓடிக்கொண்டே ஒரு வார்த்தை முழுசாகப் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பிறகு எங்கள் பழைய விளையாட்டு டீச்சர் சொல்லிக் கொடுத்தார். அதைக் கேட்டபோது எனக்கு அப்பத்தாதான் நினைவுக்கு வந்தார். புரட்டாசி முடிய அவர் வராத நாள் இரண்டே இரண்டு. ஒன்று பேரனுடைய காதுகுத்து, இன்னொன்று ஆடு குட்டி போட்ட இரவு.

இது என் இரண்டாவது முயற்சி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். முதல் முறை எழுத்துத் தேர்வைத் தாண்டி பிசிக்கலுக்கு, அதாவது உடல்திறன் தேர்வுக்குப் போனேன். ஒரு இடத்துக்கு ஐந்து பேரைக் கூப்பிடுகிறார்கள். பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் ஓட வேண்டும், ஓடினேன். ஆனால் அது உள்ளே விடுவதற்கான தகுதி மட்டும்தான், மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் அதற்கு அப்புறம் வரும் மூன்று போட்டிகளில் இருக்கிறது. நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றிலும் எட்டும் அளவைப் பொறுத்து ஒரு ஸ்டார் அல்லது இரண்டு ஸ்டார், அதற்கேற்ப மதிப்பெண். மூன்றுக்கும் சேர்த்து 24. ஓட்டம் ஒன்றையே பிசிக்கல் என்று நினைத்துத் தயாரானவள் நான். நான் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு பயிற்சி மையம், தினமும் தார் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடு என்று சொன்னதோடு சரி. ஓடி ஓடி முன்னங்கால் எலும்பில் வலி வந்து, படியேற முடியாமல் போனது. அந்தக் காலோடு போய் ஒரே ஒரு ஸ்டாரோடு திரும்பினேன்.

அப்போது ஆஸ்பத்திரியில் என் காலைப் பார்த்த பிசியோதெரபி அக்காவுக்கு நன்றி. மாத்திரையை நம்பாமல், ஓட்டத்தை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொன்னவர் அவர். வலி போன பிறகும் மண் தரையில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்றார். என்னைக் கண்மாய்க்கு அனுப்பியதே அவர்தான்.

டீச்சரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. பள்ளியில் எங்களுக்கு பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் அருப்புக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு நாளும் காசு பற்றிப் பேசவில்லை. 1973-ல் தமிழ்நாட்டுக் காவல் துறையில் முதன்முதலாகப் பெண்களை எடுத்தபோது ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர்கள், மொத்தமே 22 பேர்தான் என்று பள்ளிக்கூடத்திலேயே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த 22 என்ற எண்ணை அவர் சொல்லும் விதத்திலேயே எழுந்து ஓடத் தோன்றும்.

100 மீட்டரை விட்டுவிட்டு 200-ஐ எடுக்கச் சொன்னது அவர் போட்ட கணக்கு. 100 மீட்டரில் இரண்டு ஸ்டார் வாங்க 15.5 விநாடி. அதை இரண்டால் பெருக்கினால் 31. ஆனால் 200 மீட்டருக்கு 33 விநாடி கொடுக்கிறார்கள். "உனக்கு ஸ்டார்ட் மெதுவு, ஆனா கடைசி வரைக்கும் வேகம் குறையல. அந்த ரெண்டு விநாடி உனக்குன்னே வச்சது" என்றார்.

குண்டு எறிதலில், "பேருதான் எறிதல். நீ எறியாதே, தள்ளு" என்பார். குண்டு உள்ளங்கையில் உட்காரக் கூடாது. விரல்களின் அடிப்பகுதியில் நின்று, தாடைக்குக் கீழே கழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். வேகம் காலிலும் இடுப்பிலும் பிறந்து கடைசியில்தான் கைக்கு வர வேண்டும். பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தால் கழுத்தின் வலது பக்கம் துருவின் கறை வட்டமாகப் பதிந்திருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவார்.

அந்தக் குண்டைக் கொடுத்தது பழைய இரும்புக் கடை பாய். 4 கிலோ குண்டு புதிதாக வாங்க என்னிடம் காசு இல்லை. கடையில் கேட்டு வைத்து மூன்று வாரம் கழித்து அவரே போன் செய்தார். தராசில் வைத்தபோது 3 கிலோ 900 காட்டியது. "நூறு கிராம் தேஞ்சு போச்சும்மா, பரவாயில்லையா?" என்று, குறை அவருடையது போலக் கேட்டார். விலை கேட்டேன். "வேலை கிடைச்சதும் திருப்பிக் கொடு" என்று மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார்.

தாண்டுவதற்குக் குழி வெட்டியவர்கள் எங்கள் தெருப் பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போய் வந்த அலுப்போடு, சாயங்காலத்தில் மண்வெட்டியை மறுபடி எடுத்தார்கள். அதில் கொட்ட, வீடு கட்டும் வேலையில் மிஞ்சிய மணலை எட்டு மூட்டை கட்டிக் கொடுத்தார் கொத்தனார் சித்தப்பா. அது கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட், முழங்காலைத் தேய்த்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு, சேமித்து வைத்திருந்த பழைய ஆற்று மணலையும் மேலே பரப்பிவிட்டார். இன்றைக்கு ஆற்று மணலுக்கு என்ன மதிப்பு என்று கட்டட வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மில்லில் நான்கு மாதம் எனக்குப் பதிலாக நாலு மணி ஷிப்டைப் பார்த்த தோழியே, நடு ராத்திரி மில் வேனில் நீ வீடு திரும்பியதால்தான் நான் ஒன்பது மணிக்கே தூங்கினேன். ஷிப்ட் மாற்றக் கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசர் அண்ணனுக்கும் நன்றி. ஐப்பசியில் கண்மாய் நிரம்பியதும் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் ஐயாவுக்கும், ஊறப்போட்ட நிலக்கடலையும் கம்பங்கூழும் தினம் கொடுத்தனுப்பிய மதினிக்கும் நன்றி. அப்பா, கரிமூட்டம் போட்டுவிட்டு வந்த கையோடு என் ஓடுபாதையில் கிடந்த முள்ளைப் பொறுக்கினீர்கள். உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தேர்வு நாளில் ஆயுதப்படை மைதானத்தில் உயரம் அளந்து, 400 மீட்டரும் ஓடி முடித்த பிறகு, எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. நாள் கணக்குப்படி இன்னும் ஐந்து நாள் இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. பணியில் இருந்த பெண் காவலர் ஒருவரிடம் தயங்கிக்கொண்டு போய் நின்றேன். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். தன் பையிலிருந்து நாப்கின் எடுத்துக் கொடுத்து, கழிப்பறை வாசல்வரை கூட வந்தார். வெளியே வந்ததும், கழன்று தொங்கிய செஸ்ட் நம்பருக்கு ஊசி குத்திவிட்டு, "நானும் இதே கிரவுண்டுல இப்படி நின்னவதான். போ, தாண்டிட்டு வா" என்றார். பதற்றத்தில் பெயர் வில்லையைப் பார்க்கத் தோன்றவில்லை. அக்கா, இது உங்கள் கண்ணில் பட்டால் நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

நீளம் தாண்டுதலில் முதல் முறை ஃபவுல், இரண்டாம் முறை 3.62, மூன்றாம் முறை 3.81. இரண்டு ஸ்டாருக்கு 3.75 போதும். 200 மீட்டர் 32.4 விநாடி. குண்டில் மட்டும் ஒரு ஸ்டார்தான், 5.50 போக வேண்டியது 5.32-ல் விழுந்தது. பாயிடம் சொன்னபோது, "அந்த நூறு கிராம்தான்மா" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். இல்லை பாய், உங்கள் குண்டு இல்லாமல் அந்த 5.32-ம் இல்லை. திருப்பிக் கொடுக்க வந்தபோது நீங்கள் வாங்க மறுத்து, அடுத்த பிள்ளைக்குக் கொடு என்றீர்கள்.

அதனால் தங்கச்சிகளுக்கு ஒரு சேதி. குண்டு பெரியம்மா வீட்டுத் திண்ணையில், அதே மஞ்சள் பையில் இருக்கிறது. குழி மணலை மாதம் ஒரு முறை கிளறி முள்ளும் ஓடும் பொறுக்குங்கள். ஸ்டாப் வாட்ச் டீச்சரிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருவார். அப்பத்தாவிடம் டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நாலரைக்கு மதகுப் பக்கம் இருப்பார். அவர் கூப்பிட்டால் பதில் சொல்லுங்கள்.