கோப்பிக்கொட்டையை வெயிலில் வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

கிளிநொச்சிப் பக்கத்துக் கடைகள் சிலவற்றில் வறுத்த கோப்பிக்கொட்டையைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, வெயில் படுகிற முன்மேசையில் வைத்து, ஆட்கள் வர வரத் திறந்து அள்ளிக் கொடுத்துவிட்டு மூடியை அரைகுறையாய் விடுகிறார்கள். வன்னி வெக்கைக்கு அது தாங்குமா? காற்று, வெளிச்சம், சூடு, ஈரம் எல்லாமே கோப்பிக்குப் பகை. கொட்டையின் மேல் எண்ணெய் கசிந்து பிசுபிசுக்கும், அப்புறம் பழைய எண்ணெயின் சிக்கு மணம்தான்.

கடைக்காரர்களே, கொட்டை இருக்கிற பெரிய பையை இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள். ஒரு கிழமைக்குப் போதுமானதை மட்டும் வெளிச்சம் புகாத பேணியில் எடுங்கள், அது முடிந்து பேணியைத் துடைக்கும்வரை புதுசை மேலே கொட்ட வேண்டாம், அடியில் கிடக்கிற பழசு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தூளாக்கினால் மணம் இன்னும் கெதியாய்ப் போய்விடும், ஆகவே வாங்குபவர் கேட்ட பிறகே அரைத்துக் கொடுங்கள்.

வாசகர்,
கிளிநொச்சி